காலையில் ஓடும், மத்தியானம் அணையும்: பிரிக்பீல்ட்ஸ் அச்சகக் கணினி ஒன்றின் பவர் சப்ளை மாற்றம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய ஒரு கடைவீட்டில் இயங்கும் சிறிய அச்சகம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பேனர் என்று எல்லா வடிவமைப்பும் ஒரே டெஸ்க்டாப்பில்தான் நடக்கிறது. தீபாவளி நெருக்கடியின்போது அந்தக் கணினி வேலைக்கு நடுவே பட்டென்று அணையத் தொடங்கியது. தைப்பூச பேனர்கள் குவிந்த ஜனவரியில் நாளுக்கு இரண்டு மூன்று முறை அணைந்தது. அதற்குள் இரண்டு ரேமும் மாற்றியாயிற்று, விண்டோஸும் புதிதாகப் போட்டாயிற்று. கோளாறு அசையவில்லை.

இந்த வகைக் கோளாறில் பணம் வீணாவது எப்போதும் ஒரே இடத்தில்தான். பவர் சப்ளை, அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த வோல்டேஜாக மாற்றித் தரும் பெட்டி, ஓய்வில் இருக்கும்போது அளந்து பார்க்கிறார்கள், அளவு சரியாக இருக்கிறது, உடனே சந்தேகம் மற்ற பாகங்களின் மேல் போய்விடுகிறது. நடக்கும்போது வலிக்கிற முழங்காலை உட்காரவைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? சுமை ஏற்றி அளக்க வேண்டும், அதுவும் கோளாறு வருகிற நேரத்தில், கோளாறு வருகிற இடத்திலேயே.

கணினியும் அறிகுறியும்

கோர் ஐ5-6500 செயலி, பி150 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு ஒரு சாட்டா (டிஸ்க்குகளை இணைக்கும் முறை) எஸ்எஸ்டி, வாடிக்கையாளர் கோப்புகளுக்கு இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளை கேஸின் அடியில், 500 வாட் என்று எழுதிய பாதி மாடுலர் வகை (சில வயர்களைப் பெட்டியிலிருந்து தனியே கழற்றலாம்). கணினி சேர்த்த நாளிலிருந்து அதேதான்.

அணையும் விதம் இரண்டு. சில நேரம் திரை கறுத்து உடனே தானாக மறுபடி கிளம்பும். சில நேரம் முழுக்க அடங்கிவிடும். முன்பட்டனை அழுத்தினாலும் அசையாது, பின்னால் சுவிட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டுப் போட்டால்தான் எழும். இந்த வேறுபாடு முக்கியமானது, வாடிக்கையாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டியது. தானாக மறுபடி கிளம்பினால், பவர் சப்ளை மதர்போர்டுக்கு அனுப்பும் 'மின்சாரம் சரி' என்ற சிக்னல் (24 பின் கனெக்டரில் 8ஆம் பின், சாம்பல் நிற வயர்) ஒரு கணம் விழுந்து எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அடங்கிப்போய்க் காத்திருக்கவைத்தால் பவர் சப்ளையின் உள்பாதுகாப்பு பூட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மாறி மாறி வருவது விளிம்பில் நிற்கும் ஒரு பவர் சப்ளையின் அடையாளம்.

நேரமும் ஒரு சாட்சி. காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல், பெரிய பேனர் கோப்பைத் திறந்து வேலை செய்யும்போதுதான் அணைகிறது.

முதலில் விலக்கியவை

கடையில் எல்லாரும் இடியைத்தான் குற்றம் சொன்னார்கள். நவம்பரில் அப்படி நினைப்பதில் தப்பில்லை. பருவமாற்றக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை அன்றாட விஷயம். ஆனால் மழையே இல்லாத ஜனவரி மதியங்களிலும் இது தொடர்ந்தது. மேலும், மின்னல் எழுச்சி தாக்கிய பவர் சப்ளை பெரும்பாலும் ஒரேயடியாகப் போய்விடும்: உள்ளே ஃபியூஸ் எரியும், எழுச்சியை உறிஞ்சும் பாகம் வெடித்திருக்கும். காலையில் நன்றாக ஓடி மதியம் தடுமாறுவது வெப்பத்தின் வேலை.

அடுத்தது சுவர் மின்சாரம். மலேசியாவில் அறிவிக்கப்பட்ட வோல்டேஜ் 230, அதிலிருந்து 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது 216 முதல் 253 வரை. கடையில் 238 காட்டியது. ஆனால் கணினியும் லேமினேட்டரும் பேட்ஜ் அடிக்கும் ஹீட் பிரஸ்ஸும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தன. ஹீட் பிரஸ் சூடேறத் தொடங்கும்போது எக்ஸ்டென்ஷன் முனையில் வோல்டேஜ் இறங்கியது. பிளக்கும் கை பொறுக்காத சூடு. கணினிக்குத் தனிச் சுவர் சாக்கெட் கொடுத்தாயிற்று. அது எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலை. கணினி அணைவது மட்டும் நிற்கவில்லை.

விண்டோஸின் இவென்ட் வியூவரில் ஒவ்வொரு அணைவுக்கும் 'கெர்னல்-பவர் 41' பதிவாகியிருந்தது. அந்தப் பதிவு மட்டும் எதையும் நிரூபிக்காது. ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்றுதான் அதற்கு அர்த்தம். விவரப் பகுதியில் 'பக்செக் கோடு' என்ன என்று பார்க்க வேண்டும். அங்கே எல்லாவற்றிலும் 0. விண்டோஸ் தானாகச் சரிந்து நீலத்திரை காட்டியிருந்தால் அங்கே ஓர் எண் இருக்கும். 0 என்றால் விண்டோஸுக்குப் பதிவெழுதவும் அவகாசம் கிடைக்கவில்லை. இந்த ஒரு வரியை முதலிலேயே படித்திருந்தால் ரேமுக்கும் விண்டோஸுக்கும் செலவு செய்யும் முன் யாரும் ஒருமுறை யோசித்திருப்பார்கள்.

சுமையில் செயலி 62 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 74 டிகிரி. இரண்டும் வரம்புக்குள்ளேதான்.

சுமையில் அளந்தது

சோதனைக்கு முன் இரண்டு ஹார்ட் டிஸ்க்கின் மின்வயரையும் கழற்றிவிட்டோம். தடுமாறும் பவர் சப்ளையில் வாடிக்கையாளரின் கோப்புகளை மாட்டிவைத்துக்கொண்டு சுமைச் சோதனை செய்யக் கூடாது. கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது அதற்கும் முன்னால்.

மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை 4 பின் மோலெக்ஸ் கனெக்டரின் மஞ்சளிலும் வைத்தால் 12 வோல்ட், சிவப்பு வயரில் வைத்தால் 5 வோல்ட். 3.3 வோல்ட் மோலெக்ஸில் கிடையாது. 24 பின் கனெக்டரில் ஆரஞ்சு வயரின் பின்புறம் மெல்லிய முனையை நுழைத்துப் பார்க்க வேண்டும். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். கை நடுக்கம் இருந்தால் 3.3ஐ விட்டுவிடலாம், முடிவைத் தருவது பெரும்பாலும் 12தான். திரையில் மென்பொருள் காட்டும் வோல்டேஜை இங்கே நம்பக் கூடாது. மதர்போர்டு சென்சாரின் கணக்கு பல போர்டுகளில் தவறாக இருக்கும்.

டெஸ்க்டாப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி மூன்றுக்கும் 5 விழுக்காடு கூடுதல் குறைவு அனுமதி: 12க்கு 11.40 முதல் 12.60, 5க்கு 4.75 முதல் 5.25, 3.3க்கு 3.14 முதல் 3.47.

ஓய்வில் கிடைத்தது 12.08, 5.04, 3.33. இதைப் பார்ப்பவர் பவர் சப்ளை புத்தம் புதுசு என்றே சொல்வார். செயலிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒருசேரச் சுமை கொடுக்கும் ஓசிசிடி என்ற மென்பொருளின் பவர் சோதனையை மதியம் ஓடவிட்டதும் 12 வோல்ட் 11.62க்கு இறங்கியது, பிறகு மெல்ல 11.31. கணினி அணைந்தது. அதே நேரத்தில் 5 வோல்ட் 5.18க்கு ஏறியிருந்தது.

ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுவதைக் கவனிக்க வேண்டும். மலிவான வடிவமைப்பில் 12, 5 இரண்டையும் ஒரே சுற்று சேர்த்துக் கட்டுப்படுத்தும். இன்றைய கணினி கிட்டத்தட்ட முழுச் சுமையையும் 12இல்தான் ஏற்றுகிறது. அது தாழும்போது சுற்று எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். சுமையில்லாத 5 மேலே போகும். தரமான பவர் சப்ளைகள் 12ஐ மட்டும் உண்டாக்கி, அதிலிருந்து 5ஐயும் 3.3ஐயும் தனித்தனி டிசி-டிசி சுற்றால் (ஒரு நேர்மின் வோல்டேஜை இன்னொன்றாக மாற்றுவது) எடுக்கின்றன. அவற்றில் இந்த ஊசலாட்டம் இராது.

11.31 என்பதும் முழு உண்மை அல்ல. மல்டிமீட்டர் ஒரு நொடிக்குச் சில முறைதான் படிக்கும், அதுவும் சராசரியை. மில்லிசெகண்டில் விழுந்து எழும் பள்ளம் அதில் தெரியாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாத ரிப்பிளும் (வெளியீட்டில் கலந்திருக்கும் சிறு அலைவு) தெரியாது, அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். கருவி இல்லாத இடத்தில் நம்பகமான வழி மாற்றிப் பார்ப்பது. நல்லதென்று தெரிந்த ஒரு பவர் சப்ளையைக் கேஸுக்கு வெளியே வைத்து, அதனுடைய வயர்களாலேயே மாட்டி, அதே மதியத்தில் அதே சோதனையை ஓட்டினோம். 12 வோல்ட் 11.9க்குக் கீழே வரவில்லை, கணினியும் அணையவில்லை. அத்தோடு விவாதம் முடிந்தது.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்துப் பவர் சப்ளையைத் தனியாக ஓடவிடும் சோதனையைப் பலர் செய்வார்கள். ஃபேன் சுற்றுகிறதா, உயிர் இருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் அது உதவும். இந்தப் பழைய பவர் சப்ளை அதில் தாராளமாகத் தேறியிருக்கும்.

ஏன் தளர்ந்தது

வாட் போதாமல் அல்ல. கணக்குப் போட்டால் செயலி 65, கிராபிக்ஸ் கார்டு 120, மதர்போர்டு ரேம் ஃபேன் எல்லாம் சேர்ந்து 40, டிஸ்க்குகள் 20. மொத்தம் 245 வாட் அளவு. அதில் 12 வோல்ட்டின் பங்கு 210 என்று வைத்தால் 17, 18 ஆம்பியர். பழைய லேபிளில் 12 வோல்ட்டுக்கு 28 ஆம்பியர், அதாவது 336 வாட் என்று இருந்தது. பெரிய எழுத்தில் இருந்த 500இன் மீதி, இன்றைய கணினி அதிகம் தொடாத 5, 3.3 வோல்ட்டுகளின் கணக்கு. அப்படியும் போதுமான அளவே. புதிதாய் இருந்தபோது தாங்கியது, இப்போது தாங்கவில்லை.

கேஸ், மேசைக்குக் கீழே கதவு போட்ட பலகை அலமாரிக்குள் இருந்தது. மதியத்தில் கடைக்குள் 33 டிகிரி என்றால் அலமாரிக்குள் 46 டிகிரி. பேப்பர் கட்டரிலிருந்து பறக்கும் மெல்லிய காகிதத் தூள் அடி ஃபில்டரை மெத்தைபோல் அடைத்திருந்தது. பவர் சப்ளை ஃபேன் தாங்கி காய்ந்து மெதுவாகச் சுற்றியது. மின்பகு கெப்பாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அவை தளர்ந்தால் உள்தடை கூடும், சுமை திடீரென்று ஏறும்போது ஈடுகொடுக்க முடியாது. டார்ச் அடித்துக் காற்றுத்துளை வழியே பார்த்தபோது வெளியீட்டுப் பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது.

அதைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 320 முதல் 400 வோல்ட் வரை நேர்மின்சாரம் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். பயிற்சி இல்லாதவர் அந்தப் பெட்டியின் திருகைத் தொடக் கூடாது. இந்த விலையில் உள்ள பவர் சப்ளைக்கு அந்த வேலை தேவையும் இல்லை.

புதியதைத் தேர்ந்தது

550 வாட், ஏடிஎக்ஸ் அளவு, 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், டிசி-டிசி வடிவமைப்பு, 80 பிளஸ் பிரான்ஸ், 105 டிகிரி கெப்பாசிட்டர்கள். புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசாவில் இந்த வகுப்பு இருநூறு, முந்நூறு ரிங்கிட் அளவில் கிடைக்கும். 750 வாட் வாங்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். 245 வாட் கணினிக்கு அது அவசியமில்லாத செலவு. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பாதுகாப்புச் சுற்றின் தரத்தைச் சொல்வதில்லை. கடையில் முதலில் கேட்க வேண்டியது லேபிளின் 12 வோல்ட் வரிசை, அடுத்தது உத்தரவாத ஆண்டு.

கடைகளில் சேர்த்த கணினி என்பதால் அளவுப் பிரச்சினை இல்லை. பெருநிறுவனங்களின் ஆயத்த அலுவலகக் கணினி என்றால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் 24 பின் கனெக்டரே கிடையாது, பெட்டியின் அளவும் வேறு.

மாற்றிய முறை

விண்டோஸை முறையாக மூடி, சுவர் சுவிட்சையும் பின்புறச் சுவிட்சையும் அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, முன்பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தோம், மதர்போர்டில் எஞ்சிய மின்சாரம் வடிய. கைபேசியில் நாலைந்து படம். கேஸை மேசையில் படுக்கவைத்து இரண்டு பக்க மூடியையும் கழற்றினோம்.

24 பின், செயலிக்கான 8 பின், கிராபிக்ஸ் கார்டின் 6 பின், மூன்று சாட்டா. தாழ்ப்பாளை அழுத்திக்கொண்டு கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. பின்புறம் நான்கு திருகு. நான்காவதைக் கழற்றும்போது ஒரு கை உள்ளே பவர் சப்ளையைத் தாங்கியிருக்கட்டும். விழுந்தால் மதர்போர்டின் ஓரத்தில்தான் விழும்.

இந்த வேலையிலேயே ஆபத்தான சபலம் இதற்கு அடுத்து வரும். பழைய மாடுலர் சாட்டா வயர் மதர்போர்டு தட்டுக்குப் பின்னால் அழகாகக் கட்டப்பட்டிருக்கிறது, டிஸ்க் வரை போயிருக்கிறது. புதிய பவர் சப்ளையின் துளையிலும் அது கச்சிதமாக நுழைகிறது. அப்படியே விட்டால் அரை மணி நேர வேலை மிச்சம். விடவே கூடாது. டிஸ்க் பக்க முனைக்குத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. எந்தத் துளையில் 12, எதில் 5, எதில் தரை (கிரவுண்ட்) என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், சில நேரம் ஒரே பெயர்ப்பலகையின் இரண்டு மாடல்களுக்குள்ளும் மாறும். 5 வோல்ட் எதிர்பார்க்கும் எஸ்எஸ்டிக்குள் 12 வோல்ட் போனால் சுவிட்ச் போட்ட நொடியில் எல்லா டிஸ்க்கும் ஒன்றாகப் போகும். இந்தக் கடையில் அது பல ஆண்டு வாடிக்கையாளர் கோப்புகள். பழைய வயர் ஒன்றுவிடாமல் வெளியே எடுக்கப்பட்டது, கட்டுகளை வெட்டி.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒரு அடாப்டர் வழியாக மின்சாரம் போயிருந்தது. வயர்கள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து உருக்கி வார்க்கப்பட்ட வகை. அந்த வகையில் உள்ளே வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகி எரிவது அறிந்த குறை. புதியதில் போதுமான சாட்டா முனை இருந்ததால் அதைத் தூக்கிப் போட்டாயிற்று.

அடிப்பகுதியில் வைக்கும் கேஸ் என்பதால் புதிய பவர் சப்ளையின் ஃபேன் கீழ்நோக்கி, கழுவிய ஃபில்டருக்கு மேலே. நான்கு திருகையும் பாதி வரை விட்டு, கடைசியில்தான் இறுக்கினோம். வயர்களில் செயலிக்கான 8 பின்னை முதலில் பின்வழியாகக் கொண்டுபோக வேண்டும், மற்றவை வந்தபின் அதற்கு வழி இருக்காது. இது 4+4 ஆகப் பிரியும். கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் 12 வோல்ட்டும் தரையும் எதிரெதிர் வரிசையில் இருக்கும். சேராத இடத்தில் அழுத்தித் திணிக்கக் கூடாது. 24 பின்னைச் செருகும்போது போர்டு வளையாதபடி ஓரத்தில் விரலைக் கொடுத்து, தாழ்ப்பாள் 'டக்' என்று விழும் வரை அழுத்த வேண்டும். பாதி நுழைந்த 24 பின்தான் 'புது பவர் சப்ளையும் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம்.

மூன்று பின் மின்வயரும் மாற்றப்பட்டது: மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ளது, எர்த் இணைப்பு சோதிக்கப்பட்டது. எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் கேஸைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியே கசியும் சிறு மின்சாரம் அது, எர்த்துக்குப் போக வேண்டியது.

முதல் ஓட்டமும் அதற்குப் பிறகும்

முதல் முறை டிஸ்க்குகள் இல்லாமல் பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) வரை மட்டும். 12.05, 5.03, 3.32. அணைத்து, டிஸ்க்குகளை மாட்டி, மறுபடி. பயாஸ் தேதி 2015க்குப் போயிருந்தது. மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தளர்ந்திருந்ததால் மின்சாரம் முழுக்க விலகியதும் அமைப்புகள் அழிந்துவிட்டன. பேட்டரியை மாற்றி, சாட்டா முறை முன்பு இருந்தபடி ஏஎச்சிஐ-யில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விண்டோஸைக் கிளப்பினோம். அது மாறியிருந்தால் விண்டோஸ் எழாமல், பழி பவர் சப்ளை மேல் விழும்.

மதியம் முழுச் சுமையில் 12 வோல்ட் 11.96, 5 வோல்ட் 5.02. சோதனை அலமாரிக் கதவை மூடிவைத்தே நடந்தது, கடைக்காரர்கள் மூடித்தான் வைப்பார்கள் என்பதால். நான்கு மணி வரை அசையவில்லை. அதன் பிறகு அலமாரியின் பின்பலகையில் கேஸின் காற்று வெளியேறும் உயரத்துக்குச் சதுரம் வெட்டப்பட்டது. உள்ளே 46 இருந்த இடத்தில் 37 ஆயிற்று.

மின்சாரம் போனால் சிறிது நேரம் கணினியைத் தாங்க வேண்டிய, கடையில் ஏற்கெனவே இருந்த யூபிஎஸ் மட்டும் பாக்கி. முழுச் சுமையில் சுவர் சுவிட்சை அணைத்தால் கணினியும் கூடவே போயிற்று. புதிய பவர் சப்ளையில் ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரம் இழுக்கும் விதத்தைச் சீராக்கும் சுற்று) இருக்கிறது, படிவடிவ அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸோடு அது சில நேரம் ஒத்துப்போகாது என்பதால் சந்தேகம் அங்கே போனது. ஆனால் யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சுமையில் அளந்தபோது, ஓய்வில் 12.9 காட்டியது சில விநாடியில் 10க்குக் கீழே விழுந்தது. பேட்டரி மட்டும் மாற்றப்பட்டது. அதே யூபிஎஸ்ஸில், அதே புதிய பவர் சப்ளையோடு, கோப்பைச் சேமித்து மூடும் அளவுக்கு நேரம் கிடைத்தது.

பழைய பவர் சப்ளையை 'அவசரத்துக்கு உதவும்' என்று கடையில் விட்டுவைக்கவில்லை. வயர் வெட்டி, கெட்டது என்று எழுதி, மின்னணுக் கழிவு சேகரிப்பில் சேர்க்கப்பட்டது. மலேசியச் சட்டத்தில் இது எஸ்டபிள்யூ 110 பிரிவில் வரும் கழிவு, வீட்டுக் குப்பையோடு போகக் கூடாது. அதன் மாடுலர் வயர்களும் அதோடு போயின. புதியதில் பயன்படாமல் மீந்த வயர்கள் அதன் பெட்டியிலேயே, மாடல் பெயர் எழுதிய உறையில் இருக்கின்றன. அடி ஃபில்டரை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுவது பேப்பர் கட்டரைத் துடைப்பவரின் வேலைப் பட்டியலில் சேர்ந்தது.